நியூமோகாக்கஸின் ஏற்புரை

(நவம்பர் 12, உலக நிமோனியா நாள். அதை முன்னிட்டு நடந்த பாராட்டு விழாவில், ஆளுயர மாலையும் பொன்னாடையும் ஏற்றுக்கொண்ட பிறகு விழா நாயகர் ஆற்றிய உரை.)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிப்பவர்களே, வரவேற்புரை என்ற பெயரில் முக்கால் மணி நேரம் தன்னைப் பற்றியே பேசிய அன்பர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, விழிப்புணர்வுப் பேரணிக்காகக் காலை ஏழு மணியிலிருந்து வெயிலில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும் பள்ளிப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

பேனரைப் பார்த்தேன். அமைச்சர் படம் பத்தடி, மாவட்டச் செயலாளர் படம் எட்டடி, குழந்தையின் படம் ஒரு முழம். அதுவும் இணையத்தில் உருவிய வெள்ளைக்காரக் குழந்தை. நம் ஊர்க் குழந்தையைத் தேடிப் படம் எடுப்பதற்கு நேரம் இருந்திருக்காது. வரிசை முறை சரியாக இருக்கிறது. இப்படியே இருக்கட்டும்.

பொன்னாடை போர்த்தினீர்கள். நன்றி. எனக்குப் பிறவியிலேயே ஒரு சால்வை உண்டு. சர்க்கரையால் நெய்தது. அதைப் போர்த்திக்கொண்டு போனால், இரண்டு வயது நிரம்பாத பிள்ளையின் உடம்பில் காவல் நிற்கும் அணுக்களுக்கு என்னை அடையாளம் தெரியாது. ‘யாரோ பெரிய மனிதர்’ என்று வழிவிட்டுவிடும். சால்வையின் நெசவைப் பொறுத்து எங்களுக்குள் நூறு உட்பிரிவுகளுக்கு மேல் உண்டு. உட்பிரிவு பார்த்து வாழ்வதில் உங்களுக்கும் எங்களுக்கும் அப்படியொன்றும் வித்தியாசம் இல்லை. 1881-இல் பிரான்சில் பாஸ்டரும் அமெரிக்காவில் ஸ்டெர்ன்பர்க்கும் தனித்தனியே என்னைக் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து நான் தலைமறைவாக இருந்தது கிடையாது. உங்கள் பிள்ளைகளின் மூக்கிலும் தொண்டையிலும்தான் குடியிருக்கிறேன். சமயம் பார்த்து நுரையீரலுக்கு இறங்குகிறேன். மூளையுறைக்கும் போவேன், காதுக்கும் போவேன்.

வரவேற்புரையில் என் சாதனைகளைச் சொன்னார்கள். ஒரு திருத்தம். 2019-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஐந்து வயது நிரம்பாத 7,40,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் நிமோனியாவில் போனார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அது நான் தனித்து நின்று பெற்ற வெற்றி அல்ல, கூட்டணியின் வெற்றி. ஹிப் என்ற பாக்டீரியாத் தம்பி இருக்கிறான். ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் இருக்கிறது. தட்டம்மை அண்ணன் இருக்கிறார். அவர் முன்னால் போய்ப் பிள்ளையின் எதிர்ப்புச் சக்தியைக் கலைத்துவிட்டு வருவார், பின்னால் நான் போய்க் குடியேறுவேன். ‘ஆத்தா வந்திருக்கா, ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது’ என்று நீங்கள் வாசலில் கட்டும் வேப்பிலையை எங்கள் இருவருக்குமான வரவேற்புத் தோரணமாகவே எடுத்துக்கொள்கிறோம். 2018-இல் இந்தியாவில் மட்டும் 1,27,000 பிள்ளைகள். நைஜீரியாவுக்கு அடுத்து இரண்டாம் இடம். சந்திரனுக்கு ராக்கெட் விடும் நாட்டில் இந்த அளவு செல்வாக்கோடு இருப்பது எளிதில்லை. பலருடைய ஒத்துழைப்பு வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு நன்றி சொல்லத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

முதல் நன்றி, தில்லியின் கோப்புகளுக்கு. பச்சிளம் பிள்ளைகளுக்கும் பலிக்கும் என் தடுப்பூசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2000-இல். என் உட்பிரிவுகளில் பதின்மூன்றைத் தடுக்கும் ஊசி 2010-இல் வந்தது. என் சர்க்கரைச் சால்வையில் ஒரு துண்டைக் கிழித்து ஒரு புரதத்தோடு முடிச்சுப் போட்டு, பச்சிளம் பிள்ளையின் காவல் அணுக்களுக்கு ‘இவன்தான் அந்த ஆள்’ என்று காட்டிக்கொடுக்கும் அயோக்கிய வேலை அது. இந்திய அரசின் இலவசத் திட்டத்தில் அந்த ஊசி நுழைந்தது 2017 மே மாதம். அதுவும் இமாசலப் பிரதேசத்திலும், பீகார், உத்தரப் பிரதேச மாநிலங்களின் சில மாவட்டங்களிலும் மட்டும்.

அதுவரை ஊசி இந்தியாவுக்கே வரவில்லையா என்று கேட்காதீர்கள். தனியார் மருத்துவமனைகளில் இருந்தது. பதின்மூன்று வகை ஊசி ஒரு டோஸ் நாலாயிரம் ரூபாய்க்குப் பக்கம். நாலு டோஸ். சென்னை அண்ணா நகரில் பிறந்த பிள்ளைக்கு ஆறாவது வாரத்தில் ஊசி, கண்ணகி நகரில் பிறந்த பிள்ளைக்குக் கறுப்புக் கயிறு. நான் சாதி பார்ப்பதில்லை, மதம் பார்ப்பதில்லை. பணம் பார்ப்பதை மட்டும் உங்களிடம் கற்றுக்கொண்டேன்.

2021 பிப்ரவரி 1-ஆம் தேதி பட்ஜெட் உரையை நான் கேட்டேன். ஐந்து மாநிலங்களில் மட்டுமே இருக்கும் இந்த ஊசியை நாடு முழுவதும் கொண்டுபோனால் ஆண்டுக்கு 50,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் சாவைத் தடுக்கலாம் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. எனக்கு அடிவயிறு கலங்கியது. அப்புறம் நிதானமாக உட்கார்ந்து யோசித்தேன். கொடுத்தால் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் பிள்ளைகள் பிழைப்பார்கள் என்றால், கையில் ஊசி இருந்தும் கொடுக்காத ஆண்டுகளில் எத்தனை பேர்? எளிய பெருக்கல், மூன்றாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். அந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்து யாராவது தலை குனிந்ததாக எனக்குத் தகவல் இல்லை. காப்பாற்றப் போகிற உயிர்களுக்கு மாலை விழுகிறது. காப்பாற்றத் தவறிய உயிர்களுக்குக் கணக்குத் தலைப்புகூட இல்லை. இப்படி ஓர் ஆட்சி முறையைக் கண்டுபிடித்த உங்களை நான் வணங்குகிறேன்.

தமிழ்நாட்டைத் தனியாகக் குறிப்பிடாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். ஹிப் தம்பியின் கதையை முடித்த ஐந்து நோய்த் தடுப்பூசியை 2011 டிசம்பரில் கேரளத்தோடு சேர்ந்து நாட்டிலேயே முதலில் தொடங்கிய மாநிலம் இது. அன்றைக்கு நடுங்கினேன், அடுத்தது நான்தான் என்று. ஆனால் என் ஊசி இங்கே இலவசமாக வந்தது 2021 ஜூலையில். கிட்டத்தட்டப் பத்தாண்டு அவகாசம். தில்லி தரவில்லை என்பார்கள் இங்கே, திட்டம் படிப்படியாகத்தான் வரும் என்பார்கள் அங்கே. இரண்டு பேரும் விரல் நீட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நடுவில் நான் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நன்றி ஃபைசர் நிறுவனத்துக்கு. என் எதிரியையே தயாரிப்பவர்களுக்கு நன்றியா என்று வியக்காதீர்கள். விலைச்சீட்டைவிடப் பெரிய கவசம் எனக்கு வேறில்லை. 2020-இல் மட்டும் பதின்மூன்று வகை ஊசியில் அவர்களுக்கு 580 கோடி டாலருக்கு மேல் விற்பனை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்குப் பத்து லட்சம் டோஸ் இலவசமாகத் தருகிறோம் என்று முன்வந்தார்கள். அந்த அமைப்போ, தானம் வேண்டாம், விலையைக் குறையுங்கள், ஏழை நாடுகளெல்லாம் வாங்கட்டும் என்று சொல்லி 2016 அக்டோபரில் மறுத்துவிட்டது. கொடுக்கிற கையைத் தட்டிவிடும் இந்த மாதிரி ஆட்கள்தான் எனக்கு ஆபத்து. நல்லவேளையாக, அவர்கள் ஆட்சேபம் தெரிவித்தும் 2017 ஆகஸ்டில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் பதின்மூன்று வகை ஊசிக்குக் காப்புரிமை கொடுத்து என் வயிற்றில் பால் வார்த்தது. 2020 டிசம்பரில் புனே சீரம் நிறுவனம் மலிவான பத்து வகை ஊசியை வெளியிட்டபோதுதான் எனக்கு முதன்முதலாக வியர்த்தது.

செங்கல்பட்டு மண்ணை நான் தொட்டுக் கும்பிட வேண்டும். 2008 ஜனவரியில் கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிறுவனம் ஆகிய மூன்று பொதுத்துறைத் தடுப்பூசிக் கூடங்களின் உரிமத்தை, தர நெறிகளைப் பின்பற்றவில்லை என்று ஒரே நேரத்தில் நிறுத்திவைத்தார்கள். ஓட்டையை அடைப்பதற்குப் பதிலாக வீட்டைப் பூட்டினார்கள். பிறகு ஞானம் பிறந்து, செங்கல்பட்டில் நூறு ஏக்கரில் பெரும் தடுப்பூசி வளாகம் கட்ட 2012-இல் 594 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தார்கள். கட்டடம் எழுந்தது. இயந்திரங்கள் வந்தன. 2021 மே மாதம், கோவிட் ஊசிக்காக ஊரே வரிசையில் நின்றபோது, அந்த வளாகம் சும்மா கிடந்தது. முதலமைச்சர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்தார். பிரதமருக்குக் கடிதம் போனது. ஊசி மட்டும் வரவில்லை.

இனி, என் கொள்கை பரப்புச் செயலாளர்கள். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு கிளம்பினால் போதும், மதியத்துக்குள் ஒரு பள்ளிக்கூடமே காலியாகும். பெற்றோர்கள் ஓடிவந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். மாத இறுதியில் முடிய வேண்டிய முகாமை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. தட்டம்மையில் சாகும் பிள்ளைகளில் பெரும்பாலோரை முடித்துவைப்பது நிமோனியாதான் என்பது அந்தக் குரல்பதிவில் இல்லை. இப்போது அந்தத் தொழில் யூடியூபுக்கு வளர்ந்துவிட்டது. ‘ஊசி போட்டால் இயற்கையான எதிர்ப்புச் சக்தி போய்விடும்’ என்பார் ஒரு ஹீலர். ஊசி என்பதே கார்ப்பரேட் சதி என்பார். அதைச் சொல்லிவிட்டு, கார்ப்பரேட் கொடுக்கும் விளம்பரக் காசை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். அவர் அறிவுரையைக் கேட்டுப் பிள்ளையைப் பறிகொடுத்தவர் அந்தக் காணொளிக்குக் கீழே வந்து எழுதுவதில்லை. ஆகையால் அவருடைய வெற்றி விகிதம் எப்போதும் நூற்றுக்கு நூறு.

குடும்பத் தலைவிகளையும், குளிப்பாட்ட வரும் பாட்டிமார்களையும் இந்த மேடையில் குறை சொன்னால் கைதட்டல் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். பழியைத் தாய்மீது போடுவது இந்த நாட்டில் செலவில்லாத வேலை. ஆனாலும் நன்றி மறக்கக் கூடாது. தலைக்கு ஊற்றிய பிறகு மூக்கில் விடும் எண்ணெய் நேரே நுரையீரலுக்குப் போய் எனக்கு மெத்தை விரிக்கிறது. பிறகு சாம்பிராணிப் புகை. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்று மருத்துவர் சொன்னதற்கு மேல் மூன்றாம் நாளே சர்க்கரைத் தண்ணீர், உரைமருந்து, கோரோசனை. மூச்சு இரைத்தால் ‘உரம் விழுந்திருக்கு’ என்று புடவையில் போட்டு உருட்டுவது. அந்த ஒரு நாள் எனக்குப் போதும். இத்தனையும் நடக்கும்போது அந்த வீட்டின் அப்பா எங்கே இருக்கிறார்? ‘பொம்பளைங்க சமாச்சாரம்’ என்று திண்ணையில் உட்கார்ந்து மேலே சொன்ன குரல்பதிவை நாலு குழுவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். அவருக்கு என் தனிப்பட்ட நன்றி.

மருந்துக்கடை அன்பர்களே, உங்களை மறப்பேனா! ‘குழந்தைக்குச் சளி’ என்று சொல்லி முடிப்பதற்குள் பாட்டிலை எடுத்து வைக்கிறீர்கள். எத்தனை மாதப் பிள்ளை, எவ்வளவு எடை, மூச்சு எப்படி இருக்கிறது, எதுவும் கேட்பதில்லை. இருமல் மருந்து என்னை ஒன்றும் செய்யாது. அது பிள்ளையைத் தூங்கவைக்கும், தாய் நிம்மதி அடைவாள், எனக்கு இரவு முழுவதும் கிடைக்கும். 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலையில் தயாரான ஓர் இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அதில் 48.6 சதவீதம் டைஎதிலீன் கிளைக்கால். 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாத நச்சு அது. என் வேலையை என்னைவிட வேகமாகச் செய்து முடித்தார்கள். தொழில் போட்டி என்று பார்த்தால் நான் வழக்குப் போட வேண்டும். பிள்ளைகள் போன பிறகு சுற்றறிக்கை வந்தது: இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து கொடுக்கக் கூடாதாம், ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகவே வேண்டாமாம்.

புகைக் குழுவினருக்கும் நன்றி. பிள்ளைகளின் நிமோனியாச் சாவில் கிட்டத்தட்டப் பாதிக்கு வீட்டுக்குள் சூழும் புகை காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விறகடுப்பு ஊதும் பெண்ணுக்கு முதல் சிலிண்டரை மேடை போட்டுக் கொடுப்பீர்கள். இரண்டாவது சிலிண்டருக்கு அவள் காசுக்கு எங்கே போவாள் என்று கேட்க மாட்டீர்கள். போகிக்கு டயர் எரிப்பீர்கள். திருவள்ளூர் செங்கல் சூளைகளில், ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் புகைக்குள்ளேயே தவழ்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு எந்த ஊர்த் தடுப்பூசி அட்டை, எந்த ஊர் நர்ஸ் என்று தெரியாது. வாக்காளர் பட்டியலிலும் அவர்கள் இல்லை. ஆகவே உங்கள் கவலையிலும் இல்லை.

இவ்வளவு பேரையும் அழைத்த விழாக் குழு, ஒருவரை மட்டும் அழைக்கவில்லை. கவனித்தேன், மகிழ்ந்தேன். கிராம சுகாதாரச் செவிலியர். ஊரில் ‘நர்சம்மா’ என்பார்கள். புதன்கிழமை புதன்கிழமை தோளில் குளிர்பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறாளே, அவள்தான். இரண்டு டிகிரிக்குக் கீழே போனாலும் கெட்டுவிடும், எட்டைத் தாண்டினாலும் கெட்டுவிடும் என்று அந்த ஊசியைத் தன் பிள்ளையைப் போலச் சுமந்து வருகிறாள். ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று மூன்று முறை பிள்ளையின் தொடையில் குத்தி என் சோற்றில் மண் போடுகிறாள். மூன்றும் இலவசம். தாய்வீட்டில் இருந்த பெண் புகுந்த வீட்டுக்குப் போய் மூன்றாவது ஊசி விட்டுப்போனால், போன் போட்டுத் திட்டிக் கூப்பிடுகிறாள். ‘ஊசி போட்டா காய்ச்சல் வருதும்மா’ என்பவளிடம், ‘ஒருநாள் காய்ச்சல் பெரிசா, பிள்ளை பெரிசா?’ என்று கேட்கிறாள். அவளை என்ன செய்யலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்களே செய்துவிட்டீர்கள். பத்துப் பதிவேடு, நாலு செயலி, காலிப் பணியிடத்துக்குக் கூடுதல் பொறுப்பு, போதாததற்கு இன்றைய பேரணிக்குக் கூட்டம் சேர்க்கும் வேலை. கையில் ஊசி பிடிக்க நேரமில்லாமல் செய்துவிட்டீர்கள். வாழ்க.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மைக்கைக் கொஞ்சம் அணையுங்கள், இது வெளியே போகக் கூடாது. பிள்ளைக்கு இருமலும் காய்ச்சலும் வந்தால் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். திருஷ்டி சுற்றுங்கள், தைலம் தடவுங்கள், தாயத்துக் கட்டுங்கள். தயவுசெய்து சட்டையைத் தூக்கி மூச்சை மட்டும் எண்ணிவிடாதீர்கள். பிள்ளை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும்போது, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் நெஞ்சின் ஏற்றத்தை எண்ணினால் நான் அகப்பட்டுக்கொள்வேன். இரண்டு மாதம் ஆகாத பிள்ளைக்கு அறுபதோ அதற்கு மேலோ, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை ஐம்பதோ அதற்கு மேலோ, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை நாற்பதோ அதற்கு மேலோ இருந்தால் அங்கே நான் இருக்கிறேன் என்று பொருள். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலும், பால் குடிக்க முடியாமல் போனாலும், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாலும், வலிப்பு வந்தாலும், கூப்பிட்டால் கண் திறக்காமல் துவண்டு கிடந்தாலும், என் வேலை முடியப் போகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து காரியத்தைக் கெடுத்துவிடாதீர்கள். ஆரம்பத்திலேயே வந்துவிட்டால் அமாக்சிசிலின் என்ற சாதாரண மாத்திரை, ஒரு டீக்கும் வடைக்கும் ஆகிற செலவு, சில நாளில் என்னை முடித்துவிடும். இவ்வளவு மலிவாகச் சாவது என் கௌரவத்துக்கு இழுக்கு.

என்னைக் கொலைகாரன் என்று எழுதுகிறார்கள். நான் கிருமி. எனக்கு மூளை கிடையாது, மனசாட்சி கிடையாது, ஓட்டுரிமை கிடையாது. கிடைத்த இடத்தில் பெருகுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாத ஒற்றை அணு. உங்களுக்கு மூளை இருக்கிறது. ஊசி இருக்கிறது. ஊசியைத் தயாரிக்க ஆலை இருக்கிறது. எத்தனை பிள்ளைகள் சாவார்கள் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்ல நிபுணர்கள் இருக்கிறார்கள். எல்லாம் தெரிந்து, எல்லாம் இருந்து, பிள்ளையைச் சாகவிட்டுவிட்டு ஆண்டுக்கு ஒருநாள் பலூன் பறக்கவிடுகிறவர்களை என்ன பெயரிட்டு அழைப்பது? என் குலத்தில் அதற்குச் சொல் இல்லை.

நேரமாகிவிட்டது. தீர்மானங்களைப் படித்துவிட்டு அமர்கிறேன்.

தீர்மானம் ஒன்று: விழிப்புணர்வு என்பது பேனரில் மட்டும் இருக்கட்டும். அதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

தீர்மானம் இரண்டு: நர்சம்மாவுக்கு இன்னும் இரண்டு பதிவேடுகள் தர வேண்டும் என்று இக்கூட்டம் அரசைக் கேட்டுக்கொள்கிறது.

தீர்மானம் மூன்று: இறந்த பிள்ளைகளுக்கு ஒரு நிமிடம் மௌனம். அந்த ஒரு நிமிடத்தை மூச்சு எண்ணும் வேலைக்குத் தவறாகப் பயன்படுத்துவதை இக்கூட்டம் கண்டிக்கிறது.

தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறியதாகவே எடுத்துக்கொள்கிறேன். எதிர்ப்பு இருந்தால், தடுப்பூசி அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வருகிற புதன்கிழமை காலை சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள். வேறு எந்த வடிவத்தில் வரும் எதிர்ப்பையும் நான் பொருட்படுத்துவதில்லை.